ஓடிக்கொண்டிருக்கும் பிழை

நின்றுபோன வண்டி என்னை அலைக்கழிப்பதில்லை. நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கும். தேடினால் இன்றோ நாளையோ அகப்பட்டுவிடும். ஓடுகிற வண்டிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. புதுமடத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் மோரிஸ் மைனரின் இக்னிஷன் காயிலில் இரண்டு ஒயர்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று மாட்டப்பட்டிருந்தன. எப்போதிலிருந்து என்று சொல்லக்கூடியவர்கள் யாரும் இப்போது இல்லை. அந்தக் காலம் முழுக்க வண்டி ஓடியிருக்கிறது. நிக்காஹ் வீடுகளுக்குப் போயிருக்கிறது, நள்ளிரவில் பிரசவ வலி கண்டவர்களை ராமநாதபுரத்துக்கு ஏற்றிப் போயிருக்கிறது, கச்சான் காற்று வண்டியையே பக்கவாட்டில் தள்ளும் மாதங்களில் பாம்பன் பாலம் ஏறி ராமேஸ்வரம் போய்த் திரும்பியிருக்கிறது. ஒயர் மாறியிருக்கிறது என்று நான் சொன்னபோது, எங்கள் பக்கத்து வண்டிகளையெல்லாம் இளம் வயதிலிருந்து பார்த்துவரும் பட்டறைக்காரர் மூடியைத் திறந்து குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “ஓடுதுல்ல தம்பி, அப்புறம் எதுக்கு அதப் போட்டு நோண்டுறீங்க?” என்றார். அது நியாயமான கேள்வி. “இல்ல காக்கா...” என்று தொடங்கினேன், மேலே சொல்ல வரவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் மனம் சுற்றிச்சுற்றி வருகிறது.

காயில் பார்வைக்கு ஒன்றுமே இல்லாத பொருள். கைக்குள் அடங்கும் உலோக உருளை. மேலே கருப்பு மூடி, நடுவில் உயர் வோல்ட்டைச் சுமக்கும் தடித்த ஹெச்.டி. ஒயர் இறங்கும் குழி, அதன் இரு பக்கமும் இரண்டு முனைகள். உள்ளே மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய நடுத்தண்டு. அதன்மேல் ஏறக்குறைய 20,000 சுற்று மயிரிழைக் கம்பி. அதற்கும் மேலே சில நூறு சுற்று தடித்த கம்பி. எல்லாம் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். பேட்டரியின் 12 வோல்ட் தடித்த கம்பியில் பாய்ந்துகொண்டிருக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் பிரிகிறது. மின்னோட்டம் அறுகிறது, காந்தப்புலம் சரிகிறது, அது சரிகிற வேகத்தில் மயிரிழைக் கம்பியில் பல்லாயிரம் வோல்ட் எழும்பி, ரோட்டர் வழியாக அந்தந்த பிளக்குக்குப் போய்ப் பொறியாக விழுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் நாலு சிலிண்டர் இஞ்சினுக்குள் இது நொடிக்கு 100 முறை நடக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்ட விதி. அதை பேட்டரி, காயில், பாயிண்ட் என்று காருக்குள் ஒழுங்காக அடைத்தவர் சார்லஸ் கெட்டரிங். அவருடைய அமைப்பு 1910-ஆம் ஆண்டுக் கெடிலாக் காரில் வந்தது. அதற்குப் பிறகு அறுபது எழுபது வருடம் உலகத்துப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை அடிப்படையில் அதையேதான் சுமந்தன. வேலை செய்கிற இடத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாத பொருள் இது. கார்ப்பரேட்டரைக் கழற்றினால் பெட்ரோல் வாடை வரும், அடைப்பு தெரியும். பிரேக்கைக் கழற்றினால் தேய்மானம் விரலுக்குத் தட்டுப்படும். காயிலுக்குக் காட்ட எதுவும் இல்லை. வெளியே இருக்கிற அந்த இரண்டு முனைகளும், அவற்றின் பக்கத்தில் இருக்கிற எழுத்துகளும்தான் அது நம்மோடு பேசுகிற மொத்தப் பேச்சு.

பழைய லூகாஸ் காயில்களில் ஒரு முனையில் ‘எஸ்.டபிள்யூ.’ என்றும் மறுமுனையில் ‘சி.பி.’ என்றும் பொறித்திருப்பார்கள். முதலாவது சாவியிலிருந்து வரும் ஒயருக்கு, இரண்டாவது பாயிண்டுக்குப் போகும் ஒயருக்கு. லூகாஸ் நிற வழக்கப்படி சாவி ஒயர் வெள்ளை. பாயிண்டுக்குப் போவது வெள்ளையில் கருப்புக் கோடு. இதைவிடத் தெளிவாக எதையும் எழுத முடியாது என்று தோன்றும். ஆனால் அந்த எழுத்துகளைப் பொறித்தவர் சொல்லாமல் விட்ட வாக்கியம் ஒன்று அதற்கு அடியில் இருக்கிறது: இந்தக் காரின் உடல் பேட்டரியின் பாசிட்டிவ் முனையோடு சேர்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் கார்கள் 1930களிலிருந்து பெரும்பாலும் அப்படித்தான் வந்தன. நெகட்டிவ் முனை ஒயர் வழியாக ஊர் சுற்றும். பாசிட்டிவ் உடலில் அமர்ந்திருக்கும். பாசிட்டிவ் எர்த் என்பது அதுதான். 1960களின் நடுவில் ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டர் ரேடியோவும் பரவியபோது ஒவ்வொன்றாக நெகட்டிவ் எர்த்துக்கு மாறின. மாறிய பிறகு பழைய காயிலைப் பொறுத்தவரை எல்லாம் தலைகீழ். ‘சி.பி.’ என்று எழுதிய முனைக்குச் சாவி ஒயரும், ‘எஸ்.டபிள்யூ.’ என்று எழுதிய முனைக்குப் பாயிண்ட் ஒயரும் போக வேண்டும். பின்னால் வந்த காயில்களில் எழுத்துக்குப் பதில் பிளஸ், மைனஸ் குறிகள் வந்தன. அவற்றிலும் இதே கதைதான். நெகட்டிவ் எர்த் வண்டியில் பிளஸ் சாவிக்கு, மைனஸ் பாயிண்டுக்கு. பாசிட்டிவ் எர்த் வண்டியில் மைனஸ் சாவிக்கு, பிளஸ் பாயிண்டுக்கு. எங்கள் கரையில் கடலுக்குப் போகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கச்சான் காலத்தில் தென்கடல் பொங்கிக்கொண்டிருக்கும், மண்டபத்துக்கு அந்தப் பக்கம் வடகடல் படுத்துக் கிடக்கும், வாடையில் நேர்மாறு. எந்தக் கரையில் நிற்கிறாய் என்று கேட்காமல் காற்று நல்லதா கெட்டதா என்று எந்த வள்ளக்காரரும் சொல்லமாட்டார். காயில் முனையின் எழுத்தும் அப்படித்தான். வண்டியின் உடல் எந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது என்று கேட்ட பிறகே அதற்கு அர்த்தம் பிறக்கிறது.

ஏன் பாசிட்டிவ் எர்த் என்று வைத்தார்கள் என்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று அரிப்பு. அந்தக் காரணம் எங்கள் ஊர்க்காரனை நின்று யோசிக்க வைக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் இன்றுவரை பாசிட்டிவை மண்ணில் இறக்கி, லைனை மைனஸ் 48 வோல்ட்டில் வைத்திருக்கின்றன. ஈர மண்ணில் புதைந்த செம்புக் கம்பி பாசிட்டிவாக இருந்தால் கரைந்து போய்விடும் என்பதுதான் காரணம். அந்த அனுபவத்தை யாரோ காருக்கும் கொண்டுவந்திருக்க வேண்டும். என் மனம் அதை முழுதாக ஏற்கவில்லை. கார் மண்ணில் புதைந்த கம்பி இல்லை. ரப்பர் டயரின்மேல் நிற்கிறது. அதற்கு எர்த் என்று பெயர்தான், பூமியோடு அதற்குத் தொடர்பு கிடையாது. பேட்டரி முனையைச் சுற்றியும் ஈரம் கோத்த மூட்டுகளிலும் வேண்டுமானால் அந்த வாதம் கொஞ்ச தூரம் செல்லும். ஆனால் எங்கள் ஊரில் அரிப்பு என்பது யாரும் வாதம் பண்ணி நிறுவ வேண்டிய விஷயமே இல்லை. 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகங்களைக் கடற்காற்று எப்படித் தின்கிறது என்று பார்க்கத் தேர்ந்துகொண்ட இடங்களில் மண்டபமும் ஒன்று. தகடுகளைச் சட்டத்தில் மாட்டி வெளியில் நிறுத்தி, காலம் கழித்து எடுத்து எடை பார்ப்பார்கள். குறைந்த எடை காற்றுக்குப் போன பங்கு. புதுமடத்தில் வீட்டுக்கு வீடு அந்தச் சோதனை கேட்பாரின்றி நடக்கிறது. ஜன்னல் கம்பி, சைக்கிள் ரிம், குழாய் மூட்டு என்று எதையும் விடாது. செம்பு முனையில் பச்சைக் களிம்பு பூக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் அடியில் கம்பி பொடிந்து, நார்நாராகக் கையோடு வரும்.

இனி வண்டிக்கு வருகிறேன். மைனர் 1948-ல் வந்த கார், அலெக் இஸிகோனிஸ் வரைந்தது, 16 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் அது குடும்பத்தில் ஒருவராகவே ஆகிப்போன கார். 1990களில் அங்கே மைனருக்கான உடற்தகடுகளை அடித்து, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களுடையது இலங்கையிலிருந்து வந்ததில்லை. செட்டிநாட்டு வீடொன்றில் சும்மா நின்றதைக் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் வாங்கி வந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு தகரச் சட்டம் இருக்கிறது. கார் கேசட் பிளேயர் மாட்டிய இடம். பிளேயர் போய்விட்டது, அறுபட்ட ஒயர்கள் மட்டும் தொங்குகின்றன. அரபு நாட்டுச் சம்பாத்தியம் ஊருக்குள் வரத் தொடங்கிய காலத்தில், விடுமுறைக்கு வருகிறவர்கள் கொண்டுவந்த சாமான்களில் இதுவும் ஒன்று. அந்த ஜப்பான் பிளேயர்களின் உடல் நெகட்டிவ். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அப்படியே மாட்டினால் ஃபியூஸ் போகும், அல்லது புகை வரும். ஆகவே பாட்டுக் கேட்பதற்காக வண்டியின் திசையையே மாற்றியிருக்கிறார்கள். பேட்டரியைத் திருப்பிவைத்தால் மட்டும் போதாது. டைனமோவின் காந்தத்துக்கும் புதுத் திசையைப் பழக்க வேண்டும். அதன் ஃபீல்டு முனையில் பேட்டரி ஒயரை ஒரு கணம் தொட்டு எடுப்பார்கள், சின்னப் பொறி தட்டும், அவ்வளவுதான். அதையும் சரியாகச் செய்திருக்கிறார்கள். இல்லையென்றால் பேட்டரி ஏறியே இருக்காது. வேலை தெரிந்த ஆள்தான் செய்திருக்கிறார். அப்படிப்பட்டவர் காயிலை மட்டும் எப்படி மறந்தார்?

மறந்தார் என்றுதான் முதலில் எனக்கும் பட்டது. பிறகு ஒருநாள் வெளிச்சம் நேராக உள்ளே விழும் நேரத்தில் ஒயர்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது வேறொன்று தெரிந்தது. சாவியிலிருந்து வரும் வெள்ளை ஒயரின் நடுவே ஓர் ஒட்டு. பழைய துணிச்சுற்று ஒயர் முடிகிற இடத்தில், விரல் நீளத்துக்கு பிளாஸ்டிக் உறை போட்ட ஒயரைச் சேர்த்து, ஈயம் வைத்து ஒட்டி, மேலே கருப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை காய்ந்து உள்ளே தூளாகிக் கிடந்தது. ‘எஸ்.டபிள்யூ.’ முனை பக்கத்திலேயே இருக்கிறது; அதற்கு அந்த நீளம் தேவையே இல்லை. மிச்ச நீளத்தை ஒரு வளையமாக மடக்கி முனைக்குக் கீழே செருகியிருந்தார்கள். வளையத்தை நிமிர்த்திப் பார்த்தேன். இழுபடாமல், தொங்காமல், கச்சிதமாக மறுபக்கத்து ‘சி.பி.’ முனைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆக, முதலில் மாற்றியவர் மறக்கவில்லை. காயிலின் ஒயர்களையும் மாற்ற வேண்டும் என்று அறிந்து, எட்டாத ஒயரை நீட்டி, சரியான முனையில்தான் மாட்டியிருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்த யாரோ ஒருவர் மூடியைத் திறந்திருக்கிறார். வெள்ளை ஒயர் ‘சி.பி.’யில் இருக்கிறது, கருப்புக் கோட்டு ஒயர் ‘எஸ்.டபிள்யூ.’வில் இருக்கிறது. எழுத்து ஒன்று சொல்கிறது, நிறமும் அதையே சொல்கிறது, ஒயர் வேறெங்கோ இருக்கிறது. பொறுப்புள்ள எந்த ஆளும் செய்வதை அவரும் செய்தார். இரண்டையும் கழற்றி, எழுதியிருக்கிறபடி மாட்டினார், மிச்ச ஒயரைக்கூட வீணாகத் தொங்கவிடாமல் மடக்கிச் செருகிவிட்டுப் போனார். ஸ்டார்ட் செய்திருப்பார், ஓடியிருக்கும். ஒரு பிழையைத் திருத்திய திருப்தியோடு கை துடைத்திருப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஏனோதானோ என்று வேலை செய்கிறவராக இருந்திருந்தால் அவர் அந்த எழுத்துகளைப் படித்திருக்கவே மாட்டார். வண்டியும் சரியாகவே இருந்திருக்கும். இந்த இடத்தில்தான் என் நிம்மதி போனது.

திசை மாறினால் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிளக்கில் இரண்டு முனைகள். பீங்கானுக்குள் இறங்கும் நடுமுனை. இரும்பு உடலிலிருந்து வளைந்து வரும் பக்கமுனை. நடுமுனைக்கு வெப்பம் வெளியேற வழி குறைவு. ஓடும்போது அதன் நுனி 450-லிருந்து 850 டிகிரி வரை கொதிக்கும். கொதிக்கிற உலோகம் எலக்ட்ரான்களைச் சுலபமாக விட்டுக்கொடுக்கும். இந்த இயல்பை ஆராய்ந்ததற்காகத்தான் ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. நடுமுனை நெகட்டிவாக இருந்தால் எலக்ட்ரான்கள் சூடான இடத்திலிருந்து கிளம்பிப் பக்கமுனைக்குத் தாவுகின்றன. காயிலில் ஒயர் மாறினால் திசை புரள்கிறது. சூடு குறைந்த முனையிலிருந்து அவற்றைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு வேண்டிய வோல்ட் கூடுகிறது. பொறி வராமல் போவதில்லை. வருகிறது, பெட்ரோல் எரிகிறது, பிஸ்டன் இறங்குகிறது. பல வருடம் ஓடினால் பக்கமுனையின் உள்முகம் மெல்லக் குழிந்து தேயும். எங்கள் வண்டியின் நான்கு பிளக்கையும் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தபோது நான்கிலும் அந்தக் குழிவு இருந்தது.

ஏன் ஓடியது என்பதற்கு விடை காயிலின் கையிருப்பில் இருக்கிறது. இந்த வகைக் காயில் நல்ல நிலையில் 20,000 வோல்ட்டைத் தொடக்கூடியது. சமதரையில் நிதானமாகப் போகும் வண்டிக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. மிச்சம் முழுக்க, வராமலே போகக்கூடிய ஒரு கெட்ட நேரத்துக்காக வைத்திருப்பது. தவறான இணைப்பு ஓட்டத்திலிருந்து எதையும் எடுப்பதில்லை, அந்த மிச்சத்திலிருந்துதான் எடுக்கிறது. உப்புக் காற்றும் அதிலிருந்தேதான் எடுக்கிறது. காயிலின் முதல் சுற்றுக்கு ஏறக்குறைய 3 ஓம் தடை, 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர் ஓடும். முனைகளில் பிடித்த களிம்பு, சாவிக்குள் படிந்த துரு, பாயிண்டில் ஏறிய கறை என்று எல்லாம் சேர்ந்து அரை ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் ஏழில் ஒரு பங்கு குறையும். ஆனால் காயில் தேக்கும் ஆற்றல் ஓட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறி இறங்குவது. அதனால் அதில் கால்வாசிக்கு மேல் போய்விடும். பிளக் இடைவெளி தேய்ந்து அகல்வது இன்னொரு பக்கம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே பத்து வோல்ட்டுக்கு இறங்கிவிடுவது வேறொரு பக்கம். இப்படி ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப்போன பிறகு, ஐப்பசி மழை இரவு ஒன்றில், ஹெச்.டி. ஒயரில் ஈரம் ஏறியிருக்கும்போது, வண்டி கிளம்பாமல் நிற்கிறது. அப்போது என்ன செய்வோம்? புது பிளக் போடுவோம், வண்டி கிளம்பும், பிளக்கில்தான் கோளாறு என்று முடிவாகிவிடும். கடைசியாக எதை மாற்றும்போது வண்டி உயிர் பெற்றதோ அதன் தலையில் பழி விழுகிறது. முதலில் இருந்து எடுத்துக்கொண்டே இருந்தது வெளியே தெரிவதில்லை. எங்கள் வீட்டில் இந்த வண்டிக்கு மழைக்கு ஆகாது என்று ஒரு பெயர் உண்டு. அதன் குணமே அப்படி என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மழைநாளில் அவசரம் வந்தால் ஆட்டோவுக்கு ஆள் அனுப்புவது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு பிழை நீண்ட நாள் தங்கினால் அது குணம் என்று பெயர் எடுத்துவிடுகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் உறுத்துகிற சங்கதி.

ஆனால் இங்கேயும் என்னால் உறுதியாக நிற்க முடியவில்லை. சிட்ரோயன் 2சிவி என்ற பிரெஞ்சுக் காருக்கு டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது; ஒரு காயிலின் இரு முனையும் இரண்டு பிளக்குக்குப் போகும். இரண்டிலும் ஒரே நேரத்தில் பொறி விழும். ஒன்றில் நெகட்டிவாக விழுந்தால் மற்றொன்றில் பாசிட்டிவாகத்தான் விழ முடியும். அந்த வண்டி அப்படியே பிறந்து அப்படியே லட்சக்கணக்கில் ஓடியது. 1990களுக்குப் பிறகு வந்த எத்தனையோ புதுக் கார்களிலும் இதே ஏற்பாடு உண்டு; பாதி பிளக்குகள் வாழ்நாள் முழுக்கத் தலைகீழ்த் திசையில்தான் வேலை பார்க்கின்றன. அப்படியானால் தலைகீழ் என்பது பிழைதானா? அந்த இஞ்சினியர்கள் தவறான திசைக்கு எவ்வளவு கூடுதல் வோல்ட் வேண்டும் என்று கணக்குப் போட்டு, அவ்வளவு தரக்கூடிய காயிலை வைத்தார்கள், தேய்மானம் தாங்கும் உலோகத்தைப் பிளக் முனைகளில் வைத்தார்கள். இழப்பை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அதற்கு உரியதைக் கொடுத்துவிட்டார்கள். மைனரில் நடந்தது அப்படி இல்லை. அங்கே யாருக்கும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. பொறியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். தெரிந்து கொடுத்ததா, தெரியாமல் போனதா என்ற வேறுபாடு இஞ்சினுக்குள் எங்கேயும் பதிவாவதில்லை. அது மனிதர்கள் பக்கத்தில் மட்டுமே இருக்கிற வேறுபாடு. பொறியில் பதிவாகாத ஒன்றுக்காக ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று கேட்டால், வண்டியை நம்பி ஏறுகிறவர்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

திசையைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு பென்சில் போதும். பிளக்கிலிருந்து ஹெச்.டி. ஒயரைக் கழற்றி, நன்றாக உறையிட்ட குறடால் பிடித்து, பிளக்கின் தலைக்குச் சற்றுத் தள்ளி நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில் கூராகச் சீவிய பென்சில் நுனியை நீட்ட வேண்டும். கை உலர்ந்திருக்க வேண்டும். இந்த ஊர்க் காற்றில் அதுவே பெரிய நிபந்தனை. இஞ்சின் ஓடும்போது பொறி ஒயரிலிருந்து நுனிக்கும் நுனியிலிருந்து பிளக்குக்குமாகத் தாவும். இரண்டு தாவலும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்கம் மெல்லிய நீலக் கோடு. மறுபக்கம் அதே கோட்டைச் சுற்றி இறகுபோல ஓர் ஆரஞ்சுச் சாயல் விரியும். சாயல் பிளக் பக்கத்தில் விரிந்தால் திசை சரி, ஒயர் பக்கத்தில் விரிந்தால் தவறு. கொட்டகையின் கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு பார்த்தோம். கருவாட்டு மணத்துக்கு நடுவே ஓசோனின் கூர்மையான வாடை மூக்கில் ஏறியது. பட்டறைக்காரர் டார்ச்சை அணைத்துவிட்டு என்னைவிட நெருக்கமாகக் குனிந்தார். சாயல் ஒயர் பக்கத்தில் விரிந்தது. ஒயர்களை மாற்றி மறுபடி பார்த்தோம், அது பிளக் பக்கத்துக்குத் தாவியது. “இந்த வயசுல இதப் புதுசாப் பாக்குறேன் தம்பி” என்று சொல்லிவிட்டு, இன்னொரு முறை மாற்றி மாட்டச் சொல்லிப் பார்த்தார். அவர் கையிலேயே பென்சிலைக் கொடுத்தேன். நோண்டாதீர்கள் என்று அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை.

அவர் அறியாததில் வியப்பு ஒன்றும் இல்லை. இந்தக் கரையில் பெட்ரோல் பொறியோடு நீண்ட நாள் பழகியவர்கள் குறைவு. விசைப்படகுகள் டீசலில் ஓடுகின்றன. அவற்றில் காயிலும் கிடையாது, பிளக்கும் கிடையாது. வள்ளத்தில் மாட்டும் வெளிமோட்டாரில் பொறி உண்டு. ஆனால் அதன் காயில் இறுக மூடிய உறைக்குள், ஒரு பக்கமாக மட்டுமே மாட்டக்கூடிய செருகியோடு வருகிறது. யோசித்து மாட்ட வேண்டிய தேவையே எழாது. கார் என்றால் அம்பாசடர், ஃபியட். 1961-ல் சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் வந்த பிறகு காயில், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ எல்லாம் இங்கேயே செய்து கிடைத்தன. ஃபியட் இத்தாலிய வழி வந்தது, பிறவியிலேயே நெகட்டிவ் எர்த். மோரிஸ் வழி வந்த பழைய வண்டிகள் பாசிட்டிவ். இரண்டும் ஒரே பட்டறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற காலத்தில், எது எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும் என்பது எலக்ட்ரீஷியன்களுக்கு மூச்சுவிடுவதுபோல் பழகியிருக்கும். அதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் தோன்றியிருக்காது. எல்லா வண்டியும் நெகட்டிவ் எர்த் ஆன பிறகு அந்தக் கேள்வி தானாக உதிர்ந்தது. பழைய காயிலும் அதன் எழுத்தும் மட்டும் மிஞ்சின. எழுத்தைப் படிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி போய்விட்டது.

ஒயரை மாற்றிய பிறகு வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்கிறார்கள். முன்பு ஓடியதுபோலவே ஓடுகிறது. சத்தத்தில் மாற்றம் இல்லை, இழுவையில் மாற்றம் இல்லை. பென்சில் நுனியில் கண்ட ஆரஞ்சுச் சாயலைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை. மழைக்காலம் வந்தால் ஒருவேளை தெரியலாம். ஆனால் முனைகளையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாயிண்டையும் பிளக்கையும் புதிதாக வைத்துவிட்டேன். அதனால் எது எதனால் சரியானது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. காயிலின்மேல் இருக்கும் எழுத்துகளைச் சுரண்டி அழித்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அவை பொய் எழுத்துகள் இல்லை. பொறிக்கப்பட்ட நாளில் உண்மைதான். வேறு வழியாக, பித்தளைத் தகடு ஒன்றில் உளியால் எழுத்துக் கொத்தி மாட்டிவிடலாம் என்று முடிவுசெய்தேன். பெயின்ட் எழுத்து இங்கே தங்காது, காகிதம் ஒரு கச்சானுக்குத் தாங்காது. ‘வெள்ளை ஒயர் சி.பி. முனையில் இருக்க வேண்டும். மாற்ற வேண்டாம்’ என்றுதான் முதலில் கொத்தச் சொல்ல இருந்தேன். பட்டறைக்காரர்தான் தடுத்தார். நாளைக்கு இந்தக் காயில் எரிந்துபோய், பிளஸ் மைனஸ் போட்ட புதுக் காயில் வந்தால் இந்தத் தகட்டைப் படிக்கிறவன் என்ன செய்வான் என்று கேட்டார். அவர் சொன்னது சரி. அப்படி எழுதியிருந்தால் என் தகடும் அந்தப் பழைய எழுத்துகளின் வரிசையில் போய் நின்றிருக்கும். கடைசியில் காயிலின் எந்த முனையின் பெயரும் இல்லாமல் மூன்று வரி கொத்தினோம்: ‘இந்த வண்டி இப்போது நெகட்டிவ் எர்த். பிளக் நடுமுனைக்கு நெகட்டிவ் பொறி வர வேண்டும். பென்சில் வைத்துப் பார்க்கவும், சாயல் பிளக் பக்கம் விரிய வேண்டும்.’ காயில் ஒருநாள் மாறும் என்பதால் அதன்மேல் மாட்டாமல், பக்கத்துத் தகரச் சுவரில் இரண்டு திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறோம். ‘இப்போது’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதும் அவர்தான்.